அழியிறது இயற்கைதானே? ஒரு பூச்சிக் குடும்பத்தைக் கேட்டுப் பார்ப்போம்

அணை, அதிவேக வீதி, ஹோட்டல், மின்திட்டம் என்று எதைப் பற்றிக் கதை எடுத்தாலும் ஒரு கட்டத்தில் இந்த வசனம் வந்து விழும். "அழியிறது இயற்கைதானே. பூமியில இருந்த உயிரினங்களில 99 வீதம் அழிஞ்சுதானே போச்சு. டைனோசர் போகேல்லையா?" சொல்லுகிறவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. விவாத மேடையில், பஸ்ஸில், பேஸ்புக்கில், சில வேளை விரிவுரை மண்டபத்திலும் நாங்கள் இதைக் கேட்டிருக்கிறோம். வசனத்துக்கு ஒரு விஞ்ஞானச் சாயம் இருப்பதால் அதற்குப் பிறகு யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். கதை அடுத்த விடயத்துக்குப் போய்விடும்.

இது உண்மையில் ஒரு சாட்சியம். சாட்சிக் கூண்டில் நிற்பது புதைபடிவம். கல்லுக்குள் கிடக்கும் எலும்பையும் ஓட்டையும் இறகையும் காட்டி, "பார், இயற்கையே இப்படித்தான்" என்கிறார்கள். ஆனால் அந்தச் சாட்சியை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். கல்லை உடைக்கத் தெரியாது. ஆவணம் ஒன்று கையில் கிடைத்தால் இதை யார் எழுதினார், எப்போது எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று கேட்கத்தான் மூன்று வருடமாகப் பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு புதைபடிவத்தையும் வாசித்தால் என்ன?

டைனோசர் வேண்டாம். அதற்குப் படமும் பொம்மையும் இரசிகர்களும் இருக்கிறார்கள். யாருமே கண்ணீர் விடாத ஒரு குடும்பத்தை எடுப்போம்: அழிந்துபோனவை என்று பட்டியலில் போடப்பட்டிருக்கும் கடிஸ் பூச்சிக் குடும்பங்கள்.

கடிஸ் பூச்சிக்கு வீட்டில் புழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் எங்களுக்கு அகப்படவில்லை. ஆகவே அப்படியே சொல்கிறோம். பார்க்க மங்கலான சின்ன அந்துப்பூச்சி மாதிரி இருக்கும். அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இது மிக நெருங்கிய சொந்தம், கூர்ப்பு மரத்தில் அக்கா தங்கச்சிக் கிளைகள். வண்ணத்துப்பூச்சியின் இறகில் செதில் இருக்கும், அதுதான் விரலில் தூளாக ஒட்டுவது. கடிஸின் இறகில் இருப்பது மெல்லிய மயிர். இன்று உலகம் முழுக்க 16,000க்கு மேற்பட்ட இனங்கள் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் புழுக்கள் கிட்டத்தட்ட எல்லாம் நன்னீரில் வாழ்கின்றன. புழுவின் வாய்ப்பக்கத்திலிருந்து பட்டு நூல் வரும், தண்ணீருக்குள்ளேயே ஒட்டும் பட்டு. சில இனங்கள் அந்த நூலால் கல்லிடுக்கில் வலை கட்டி, ஓடி வருகிற தண்ணீரில் உணவை வடித்துத் தின்னும். வேறு சில மணல், இலைத்துண்டு, குச்சி, நத்தையோடு என்று அகப்பட்டதை ஒட்டித் தனக்கொரு குழாய் வீடு செய்து, அதை இழுத்துக்கொண்டே திரியும். மரக்கொப்பில் குச்சிக்கூட்டோடு தொங்குகிற புழுவைக் கண்டிருப்பீர்கள். அந்த வேலையையே தண்ணீருக்கு அடியில் செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கோ.

இனி சாட்சிக்கு வருவோம்.

1906இல் வியன்னாவைச் சேர்ந்த அன்டன் ஹான்ட்லிர்ஷ் என்ற பூச்சியியலாளர், அதுவரை உலகில் கிடைத்த புதைபடிவப் பூச்சிகளையெல்லாம் ஒரே நூலில் அடுக்கத் தொடங்கினார். அந்த அடுக்கில் அவர் உண்டாக்கிய ஒரு குடும்பத்தின் பெயர் நெக்ரோடாலிடே. 'நெக்ரோ' என்றால் கிரேக்கத்தில் பிணம், செத்தது. பெயரிலேயே சாவு. அதற்கு ஆதாரமாக இருந்தவற்றில் முக்கியமானவை வட ஜேர்மனியின் டொபேர்ட்டின் என்ற இடத்துக் கற்களில் கிடைத்த இறகுகள். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஜுராசிக் காலத்தவை. ஓர் இறகின் நீளம் சில மில்லிமீற்றர். இறகு என்றால் இறகு மட்டும்தான். பெரும்பாலானவற்றில் உடல் இல்லை, வாய் இல்லை, புழு இல்லை, வீடு இல்லை. கரையில் பறந்து திரிந்த ஒன்று தண்ணீரில் விழுந்து, உடல் கரைந்து, இறகு மட்டும் சேற்றில் படிந்து கல்லாகியிருக்கிறது. அந்த இறகில் நரம்புகள் எந்த இடத்தில் எத்தனையாகப் பிரிகின்றன என்பதுதான் முழு வாசிப்பும்.

பழைய ஏட்டில் இரண்டு எழுத்து மிஞ்சியிருக்க மிச்சப் பாட்டை ஊகிக்கிற உ.வே.சாவின் காலத்து வேலை மாதிரித்தான் இதுவும். ஊகம் இல்லாமல் நடக்காது. ஊகித்தவர் கூடுதலாகவும் ஊகித்துவிடுவார். ஹான்ட்லிர்ஷ் இறகுக்கு இறகு சிறு வித்தியாசம் கண்ட இடமெல்லாம் புதுப்பெயர் வைத்தார். 2002இல் யோர்க் அன்ஸோர்கே அதே டொபேர்ட்டின் பூச்சிகளைப் புதிய மாதிரிகளோடு மீளப் பார்த்தபோது, அந்தப் பெயர்களில் பல ஒரே பூச்சியின் வெவ்வேறு இறகுகளுக்கு வைக்கப்பட்டவை என்று சுருங்கின. தன்னுடைய கட்டுரைத் தலைப்பிலேயே அவர் கடிஸ் வரிசையின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டார். ஒரு மேற்கோள் குறி இவ்வளவு பேசும் என்று தெரியாமல் நாங்கள் எத்தனை அசைன்மென்டில் அதை வீணாக்கியிருக்கிறோம்!

அந்தக் குறிக்குள் இருப்பது ஒரு பெரிய சந்தேகம். நெக்ரோடாலிடே உண்மையில் கடிஸ் பூச்சிதானா? முன்னிறகின் நடுநரம்பு நான்காகப் பிரிந்தால் கடிஸ், மூன்றாகப் பிரிந்தால் அந்துப்பூச்சிப் பக்கம் என்பது ஒரு பொதுவான அடையாளம். ஆனால் இரண்டு கிளைகளும் பிரிவதற்கு முன்னிருந்த பொது மூதாதைக்கும் நான்காகத்தான் பிரிந்திருக்கும். அப்படியென்றால் நான்கு நரம்பைக் காட்டி "இது கடிஸ்" என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்று பலர் இந்தக் குடும்பத்தை ஒரு கலவைப் பெட்டியாகவே பார்க்கிறார்கள். பழைய கடிஸ் கொஞ்சம், கடிஸுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பொதுவான அடிமரத்தின் சொந்தங்கள் கொஞ்சம், எல்லாம் ஒரே இலாச்சியில்.

"அழிந்த குடும்பம்" என்று பட்டியல் சொல்கிறதே, அங்கே அழிந்தது என்ன? அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் இறகுகளில் சில, இன்று உயிரோடிருக்கும் பூச்சிகளின் பாட்டன் பூட்டன்களுடையவையாக இருக்கலாம் என்றால், அந்த வழி அறவில்லை. ஒரு பரம்பரை ஊர்மாறி, தொழில்மாறி, பெயர்மாறிப் போன பிறகு பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு "அந்தக் குடும்பம் முடிஞ்சுது" என்று சொல்வது எப்படி இருக்கும்? மல்லிகையில் இப்போது வந்திருக்கிற அந்துப்பூச்சியைக் காட்டி, "நீ அழிந்துபோனவரின் வாரிசு" என்று சொல்வது போல. 99 வீதக் கணக்கில் இப்படி உருமாறிப் போனவையும் "அழிந்தவை" என்றே சேர்கின்றன. கணக்குக்குள் இறப்பும் மாற்றமும் கலந்து கிடக்கிறது. முதல் குறுக்குக் கேள்விக்கே சாட்சி கொஞ்சம் தடுமாறுகிறது.

ஆனால் நியாயமாக இருக்கவேண்டும். எல்லாம் பெயர்க் குழப்பம் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. உண்மையாகவே வழி அற்றுப்போனவை உண்டு.

சைபீரியாவில் விதிம் என்றொரு ஆறு ஓடுகிறது, லெனா ஆற்றில் போய்ச் சேரும். அதன் கரையில் பைஸா என்ற இடத்தில், கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதி ஏரி ஒன்றின் சேறு கல்லாகிக் கிடக்கிறது. 10 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய அந்த ஏட்டில் ஆயிரக்கணக்கான பூச்சிகள். மொஸ்கோவின் தொல்லுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரினா சுகாசேவா 1968இல் இந்தப் பிரதேசத்துக் கடிஸ் இறகுகளைப் படித்து விதிமோடாலிடே என்ற குடும்பத்தை நிறுவினார். முன்னதுக்குச் சாவின் பெயர், இதுக்கு ஆற்றின் பெயர். எங்களுக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. சைபீரியாவில் மட்டுமில்லை, மொங்கோலியா, சீனா என்று பரந்த நிலத்தின் ஏரிகளில் கோடிக்கணக்கான ஆண்டுகள் இந்தக் குடும்பம் இருந்திருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தோடு தடயம் நின்றுவிடுகிறது.

இங்கேதான் எங்களை இருத்தி வைத்த ஒரு விடயம். அதே காலத்து ஏரிப் படிவுகளில் கடிஸ் புழுக்களின் வீடுகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இறகும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. ஆனால் எந்த இறகுக்காரர் எந்த வீட்டில் வளர்ந்தார் என்று கிட்டத்தட்ட ஒருபோதும் சொல்ல முடிவதில்லை. காரணம் எளிது. வளர்ந்த பூச்சி வீட்டைவிட்டு வெளிக்கிட்டுப் பறந்து போய் வேறெங்கோ சாகிறது. வெறும் வீடு தண்ணீரோடு உருண்டு வேறெங்கோ படிகிறது. வீட்டுக்குள்ளேயே செத்த புழுவின் உடலோ மிக மெல்லியது, கல்லாகுமுன் அழுகிவிடும். ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு பதிவேடுகள் வைத்திருக்கிறார்கள். இறகுக்கு ஒரு பெயர்வரிசை, வீட்டுக்கு இன்னொரு பெயர்வரிசை. வீட்டுப் பெயர்களெல்லாம் 'இன்டூசியா' என்று முடியும். லத்தீனில் அது உள்ளே போடுகிற ஒரு சட்டை. இலையால் கட்டியது ஃபொலின்டூசியா, மணலால் கட்டியது டெரின்டூசியா, மீன்முள்ளால் கட்டியது பிஸ்கின்டூசியா. இலைச்சட்டை, மண்சட்டை, மீன்முள்சட்டை.

ஆள் இல்லாத வீடுகள் ஒரு பக்கம், வீடு இல்லாத ஆட்கள் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் வேறு வேறு பதிவு. இதை வாசிக்கும்போது எங்கட ஊர்ப்பக்கம் சிலருக்கு வேறு பதிவேடுகள் ஞாபகம் வரும். அதை இங்கே இழுக்கவில்லை. பூச்சியின் கதை பூச்சியின் கதையாகவே இருக்கட்டும்.

வீடுகள் மட்டும் எவ்வளவு சேரலாம் என்பதற்குப் பிரான்ஸின் ஒவெர்ன் பகுதியைப் பார்க்கலாம். அங்கே சுண்ணாம்புக் கல்லின் முழுப் படைகளே கடிஸ் வீடுகளால் ஆனவை. பழைய ஏரி ஒன்றில் வாழ்ந்த புழுக்கள் சின்னஞ்சிறு நத்தையோடுகளை ஒட்டிக் குழாய் கட்டின. புவியியலாளர் சார்ல்ஸ் லயல் 1830களில் அதை விவரித்தபோது, ஒரேயொரு குழாயில் நூற்றுக்கு மேற்பட்ட ஓடுகள் ஒட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறார். ஒவ்வொரு ஓட்டையும் ஒரு புழு எடுத்து, திருப்பிப் பார்த்து, பட்டால் ஒட்டியிருக்கிறது. அது விதிமோடாலிடேக்குப் பல கோடி ஆண்டுகள் பிந்திய காலம், வேறு ஆட்கள். என்றாலும் இவ்வளவு வீட்டை விட்டுப்போனவர்களின் முகம் தெரியாது என்பது அங்கேயும் அதே கதைதான்.

சரி, விதிமோடாலிடே ஏன் போனது? ஒரு பூச்சிக் குடும்பத்துக்குத் தனியாகக் காரணம் சொல்வது கடினம். பொதுவாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம் இருக்கிறது. சுகாசேவாவின் அதே மொஸ்கோ வட்டத்தைச் சேர்ந்த விளாடிமிர் ஜெரிகின், கிரெட்டேசியஸ் காலத்தின் நடுப்பகுதியில் பூச்சி உலகம் ஒரு பெரிய நெருக்கடியைச் சந்தித்தது என்றார். பூக்கும் தாவரங்கள் பரவிய காலம் அது. காடு மாறியது. காடு மாற, தண்ணீரில் விழுகிற இலை மாறியது. இலை மாற, அதைத் தின்று அதிலேயே சட்டை தைத்த உயிர்களின் ஏரி மாறியது. பழைய குடும்பங்கள் ஒதுங்க, இன்றைய கடிஸ் குடும்பங்கள் மேலெழுந்தன.

அதாவது விதிமோடாலிடேயைத் தள்ளியது ஒரு பூ. வேறொரு உயிர் பெருகியதால் வந்த இடநெருக்கடி. அந்தப் பூ பரவ இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது. ஒரு பக்கம் குறைய மறுபக்கம் கூடிக்கொண்டே வந்தது. "அழியிறது இயற்கைதானே" என்று சொல்கிறவர் மனதில் இருக்கும் அழிவு இதுதான் என்று நினைக்கிறோம். இப்படியான அழிவுக்கு நாங்களும் ஒப்பாரி வைக்கப் போவதில்லை.

அடுத்ததாக வருகிற ஆளுக்குப் புதைபடிவமே இல்லை.

ஜேர்மனியின் ரைன் ஆற்றில் ஹைட்ரொப்சைக்கி டோபியாசி என்றொரு கடிஸ் இனம் வாழ்ந்தது. வலை கட்டுகிற வகை. ரைனுக்கே உரியது, பெரிய ஆற்றின் ஓட்டத்தை நம்பி வாழ்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குப் பிறகு அதை யாரும் காணவில்லை. தொழிற்சாலைக் கழிவும் நகரக் கழிவும் இறங்கி, ரைன் "ஐரோப்பாவின் சாக்கடை" என்று பெயர் எடுத்த காலம் அது. இந்தப் பூச்சிக்கு ஹான்ஸ் மாலிக்கி என்ற ஒஸ்திரிய ஆய்வாளர் பெயர் வைத்தது 1977இல். எப்படி? நூதனசாலைப் பெட்டிகளில் ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்த பழைய மாதிரிகளைப் பார்த்துத்தான். பெயர் கிடைத்த நாளில் ஆள் இல்லை. பிறப்புச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் ஒரே மேசையில் எழுதப்பட்ட உயிர்.

1986இல் பாசல் நகருக்கு அருகே இரசாயனக் களஞ்சியம் ஒன்று தீப்பற்றி, அணைத்த தண்ணீரோடு நஞ்சு ரைனில் இறங்கி, மீன்கள் செத்து மிதந்தன. அதற்குப் பிறகுதான் கரையோர நாடுகள் ஆற்றைத் துப்புரவாக்குவதில் உண்மையாக இறங்கின. அது பலித்தது. ஒட்சிசன் திரும்பியது. மேய்ஈக்கள் திரும்பின. அந்த டோபியாசியின் சொந்தக்காரரான வேறு ஹைட்ரொப்சைக்கி இனங்கள் இன்று ரைனில் தாராளமாக இருக்கின்றன. சல்மன் மீனைக்கூட விட்டு வளர்க்கிறார்கள். டோபியாசி மட்டும் இல்லை. வேறு எந்த ஆற்றிலும் அது இருக்கவில்லை, ஆகவே திரும்பி வருவதற்கு ஓர் இடமும் இல்லை.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நல்ல கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். "ரைன் இப்ப நல்லாத்தானே இருக்கு? அந்த வேலையை இன்னொரு ஹைட்ரொப்சைக்கி செய்யுதுதானே? ஒரு பூச்சி குறைஞ்சதால யாருக்கு என்ன?" நேர்மையாகச் சொன்னால், அந்த ஒரு பூச்சி இல்லாததால் ரைனில் என்ன குறைந்தது என்று எங்களால் காட்ட முடியாது. பயன் என்ற தராசில் மட்டும் நிறுத்தால் டோபியாசி தோற்றுவிடும். இந்தத் தராசை வைத்துக்கொண்டு கலைப்பீடத்துக்குள் வந்தால் முதலில் மூடவேண்டியது எங்கட திணைக்களங்களைத்தான் என்பது வேறு கதை.

நாங்கள் வாதாட வந்தது பயனைப் பற்றி இல்லை. "இயற்கை" என்ற சொல் இங்கே என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றி. விதிமோடாலிடே போனதற்கும் டோபியாசி போனதற்கும் தமிழில் ஒரே சொல், "அழிந்தது". ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான். ஒன்றில் செய்தவர் என்று யாரும் இல்லை. மற்றதில் குழாய் இருக்கிறது, குழாயின் மறுமுனையில் தொழிற்சாலை இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு ஆட்டினால் கையெழுத்து அழிந்துபோகும். இலக்கண வகுப்பில் செயப்பாட்டு வினை படிப்பிக்கும்போது ஒன்று சொல்வார்கள்: செய்தவரைச் சொல்லாமலே வசனத்தை முடித்துவிடலாம். "மரம் வெட்டப்பட்டது." யாரால்? அது ஒருபடி கீழே. "அழிந்தது" அதைவிட வசதி. வெட்டப்படக்கூட இல்லை, தானாகவே அழிந்தது.

அடுத்தது காலக்கணக்கு. 99 வீதம் என்பது பூமியில் உயிர் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை பரந்த கணக்கு. அதைக் காட்டி ஒரு மனித ஆயுளுக்குள் நடந்த ஒன்றை நியாயப்படுத்துவது, "எல்லாரும் ஒருநாள் சாகத்தானே போறம்" என்று சொல்லிக் கொலை வழக்கைத் தள்ளுபடி செய்வது போன்றது. எந்த நீதவானும் அதை ஏற்கமாட்டார். இன்னொன்றும் உண்டு, இதுதான் எங்களுக்குப் பெரிதாகப்படுகிறது. டொபேர்ட்டின் கல்லையும் பைஸா கல்லையும் ஒருதரம் யோசியுங்கோ. 18 கோடி வருடத்தில் இருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தவை சில இறகுகள். ஓர் ஆற்றின் ஒரு துண்டில் மட்டும் வாழ்ந்த டோபியாசி மாதிரியான ஓர் இனம் அந்தக் காலத்தில் இருந்து மறைந்திருந்தால், கல்லில் அதன் சுவடுகூட இருக்காது. புதைபடிவப் பதிவு இவ்வளவு நுணுக்கமாக எண்ணத் தெரியாத சாட்சி. குடும்பங்கள் வந்ததையும் போனதையும் அது சொல்லும். ஓர் ஆற்றில் 50 வருடத்துக்குள் நடப்பது சாதாரணமா அசாதாரணமா என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. கேட்காத கேள்விக்கு அதன் வாயில் பதிலைத் திணிப்பவர்கள் நாங்கள்தான்.

இதெல்லாம் ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் நடந்தவை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். கடிஸ் பூச்சிகள் இலங்கையிலும் நிறைய இருக்கின்றன, முக்கியமாக மலையகத்து ஓடைகளில். அவை எழுத்தில் ஏறிய கதையும் சுவாரசியம். 1858இல் ஹேர்மன் ஹாகன் என்ற ஜேர்மனியர் இலங்கையின் பூச்சிகள் சிலவற்றுக்கு ஒரு தொகுப்பு வெளியிட்டார். கடிஸும் அதற்குள் வந்தது. அவருக்குப் பூச்சி பிடித்து அனுப்பியவர் ஜோன் நீட்னர், ரம்பொடைப் பக்கம் இருந்த கோப்பித் தோட்டத் துரை. அதே நீட்னர் கோப்பி மரத்தின் எதிரிகள் என்று பூச்சிகளைப் பற்றி 1861இல் ஒரு நூலும் எழுதினார். அந்தக் காலத்தில் கோப்பி நட மலைக்காடுகள் வெட்டப்பட்டன. வெட்டவும் நடவும் தென்னிந்தியாவிலிருந்து எங்கட சனத்தைக் கொண்டுவந்தார்கள். பூச்சியைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியவரும் அதன் ஓடைக்கு மேலிருந்த நிழலை எடுத்த தொழிலில் இருந்தவரும் ஒரே ஆள். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் எங்களுக்கு அதுகூட இல்லை. வெட்டுகிற கத்தியையும் பிடிக்கிற வலையையும் ஒரே பொருளாதாரம் கொண்டுவந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

அதற்கு நூறு வருடம் கழித்து, 1958இல், ஃபெர்னான்ட் ஷ்மிட் என்ற சுவிஸ்காரர் இலங்கையின் கடிஸ் பூச்சிகளைப் பற்றி முழுமையான பெரிய ஆய்வொன்றை வெளியிட்டார். பிரெஞ்சு மொழியில். முதலாவது ஜேர்மனில், இரண்டாவது பிரெஞ்சில். தமிழிலோ சிங்களத்திலோ ஒரு பாடசாலைப் பிள்ளை இந்தப் பூச்சியைப் பற்றி வாசிக்க நினைத்தால் கையில் எடுக்க எதுவும் இல்லை என்பதே எங்கட அனுபவம்.

பூச்சிக்குப் பெயர் இல்லாவிட்டால் அதன் ஓடைக்காக வாதாட வருகிறவரும் இல்லை. மலையகத்தில் இப்போது ஓடைக்கு ஓடை சிறு நீர்மின் நிலையங்கள். மேலே தண்ணீரைத் திருப்பிக் குழாய்க்குள் விட்டு, கீழே மின் நிலையத்தில் திரும்ப ஆற்றில் விடுவார்கள். இடையில் உள்ள துண்டு காயும், அல்லது நூலாக ஓடும். வரைபடத்தில் ஆறு அப்படியே இருக்கும். வலை கட்டி வாழ்கிற புழுவுக்கு அந்தத் துண்டுதான் உலகம்.

மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. 2022இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்து, மெழுகுதிரியில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை நாங்கள். மின்கம்பி தலைக்கு மேலால் போக, உள்ளே ஒழுங்கான வெளிச்சம் இல்லாத லயன் அறைகளும் அதே மலையில்தான் இருக்கின்றன. நிலக்கரியைவிட ஓடும் தண்ணீர் நல்லது என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஓர் ஓடையை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று ஒரு நாடு கூடியிருந்து பேசித் தீர்மானிக்கலாம். அப்படித் தீர்மானித்தால், "இதற்காக இதை நாங்கள் இழக்கிறோம், இதைத் தீர்மானித்தவர்கள் இவர்கள்" என்று பதிவில் இருக்கவேண்டும். அங்கே எழுவாய் வேண்டும். "அழியிறது இயற்கைதானே" என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்லவே விடக்கூடாது என்பது எங்கட நிலைப்பாடு.

தலவாக்கலைப் பக்கம் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி இருக்கிறது. மேல் கொத்மலைத் திட்டத்துக்காக அதன் தண்ணீர் திருப்பப்பட்டது. திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. நீர்வீழ்ச்சி முற்றாக இல்லாமல் போகக்கூடாது என்று எதிர்ப்பு வந்ததால் பகல் நேரத்தில் ஓரளவு தண்ணீர் விட ஏற்பாடு செய்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்குப் பகல் காணும். ஓடும் நீரில் மூச்சு வாங்குகிற உயிர்களுக்கு இரவும் தண்ணீர் வேண்டும். பொழுதுபட்ட பிறகு அந்தக் கல்லிடுக்குகளில் எவ்வளவு கசிகிறது, அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து எழுதி வைக்க ஒரு டோர்ச்சும் வெள்ளைத் தட்டும் கொப்பியும் காணும். குறிப்பைத் தமிழில் எழுத நாங்கள் தயார். கல்லைப் பிரட்டி இது கடிஸ், இது வேறு என்று சொல்ல விஞ்ஞானபீடத்தில் இருந்து இரண்டு பேர் வந்தால் நல்லது.